தட்டில் எத்தனை பங்கு நம்ம ஊரு?

ஊரைச் சுற்றி முருங்கைத் தோட்டம். ஆனாலும் பள்ளிக்கூடச் சாம்பாருக்கு முருங்கைக்காய் கடையிலிருந்து வருகிறது. மதிய உணவுக்கு யார் பணம் தருகிறார்கள் என்று நூறு ஆண்டாகப் பேசியாகிவிட்டது. அந்தப் பணம் யார் வயலுக்குப் போகிறது என்று கேட்டதுண்டா?

காலை பத்தரை மணி. சத்துணவுக் கூடத்து வாசலில் அரிவாள்மனையைப் போட்டு உட்கார்ந்திருக்கிறார் சமையலர் அம்மா. அலுமினியச் சட்டியில் முருங்கைக்காய்த் துண்டுகள் விழுந்துகொண்டிருக்கின்றன. ஒரு விரல் நீளம், அதற்கு மேல் இல்லை. “பெரிசா வெட்டினா புள்ளைங்க சப்பாம அப்படியே வச்சிரும்” என்கிறார், தலை நிமிராமல்.

ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டிலிருந்து அரை மணி நேரத்தில் போய்விடக்கூடிய ஊர் அது. பள்ளிக்கூடத்துச் சுற்றுச்சுவரைத் தாண்டினால் முருங்கைத் தோட்டம். தோட்டத்து வாசலில் மினி லாரி நிற்கிறது. கட்டுக் கட்டாகக் காய் ஏறுகிறது. ஒட்டன்சத்திரம் போய், அங்கிருந்து பெரும்பகுதி கேரளத்துக்குப் போய்விடும்.

“அப்புறம் என்ன, பக்கத்துலயே காய் கிடைக்குது, உங்களுக்கு வசதிதானே?” என்று கேட்டுவைத்தேன். சத்துணவு அமைப்பாளர் அக்கா சிரித்துவிட்டார்.

“எங்க சார்? நான் வாங்குறது கடைத்தெருவுலதான். தோட்டத்துக்காரருக்குக் காய் எறங்குன உடனே காசு வேணும். எனக்குக் காய்கறிக் காசு எப்ப ஏறும்னு எனக்கே தெரியாது. கடைக்காரர்னா நோட்டுல எழுதிக்குவாரு. அவரு எழுதுறாரு, நான் வாங்குறேன்.”

ஒரு நாட்டின் உணவுக் கொள்கையில் எங்கே ஓட்டை இருக்கிறது என்று இதைவிடச் சுருக்கமாக யாரும் எனக்குச் சொன்னதில்லை.

அன்றைய தட்டை எடுத்துப் பிரித்துப் பார்க்கலாம். அரிசி நுகர்பொருள் வாணிபக் கழகக் கிடங்கிலிருந்து மூட்டையில் வந்தது. பருப்பும் அதே கிடங்குதான். மாநில அளவில் டெண்டர் விட்டு வாங்கியது. மூட்டை வடக்கேயிருந்து வந்ததா, கடல் தாண்டி வந்ததா என்பது மூட்டைக்குத்தான் தெரியும். எண்ணெய் பாமாயில். அது பிறந்த மரம் பெரும்பாலும் மலேசியாவிலோ இந்தோனேசியாவிலோ நின்றிருக்கும். முட்டை நாமக்கல், அதுவும் டெண்டர், மேலே முத்திரை குத்தி வருகிறது. மிச்சம் இருப்பது காய்கறி. உள்ளூர்க்காரர் கை படக்கூடிய ஒரே பொருள் அதுதான். தொடக்கப்பள்ளிக் குழந்தைக்கு நாளொன்றுக்கு 50 கிராம். நடுநிலைப்பள்ளி என்றால் 75.

அந்த 50 கிராம்தான் இந்தக் கட்டுரை.

பிடியரிசியும் இனாம் மாவும்

பள்ளிக்கூடத்தில் சோறு போடுவது நமக்குப் புதிதல்ல. 1920-லேயே சென்னை மாநகராட்சி, தியாகராயச் செட்டியார் தலைவராக இருந்தபோது, ஆயிரம்விளக்குப் பள்ளிப் பிள்ளைகளுக்குச் சிற்றுண்டி கொடுக்கத் தீர்மானம் போட்டது. தலைக்கு ஒரு அணாவுக்கு மேல் போகக்கூடாது என்று அந்தத் தீர்மானத்திலேயே எழுதிவைத்தார்கள். பட்ஜெட்டும் பசியும் அன்றைக்கே ஒன்றையொன்று முறைத்துக்கொண்டு பிறந்தவை.

காமராசர் 1956-ல் தொடங்கிய மதிய உணவுத் திட்டத்தை இன்று எல்லோரும் ‘அரசுத் திட்டம்’ என்றே நினைவில் வைத்திருக்கிறோம். அது பாதிதான் சரி. அரசு கொடுத்தது ஒரு பங்கு மானியம். மீதியை ஊரார் திரட்ட வேண்டும். கல்வித் துறையை அப்போது நடத்திய நெ.து.சுந்தரவடிவேலு, ஊர் ஊராகப் பள்ளிச் சீரமைப்பு மாநாடுகளைக் கூட்டினார். முதல் மாநாடு 1958-ல் கடம்பத்தூரில். பெஞ்சு, கரும்பலகை, சுவர்க்கடிகாரம், தட்டு, அண்டா என்று ஊர்க்காரர்கள் கொண்டுவந்து கொடுத்தார்கள். சில ஊர்களில் வீட்டுக்கு வீடு பிடியரிசி. உலை வைக்கும்போது ஒரு பிடியைத் தனிப் பானையில் போட்டுவைப்பது, வாரக் கடைசியில் பள்ளிக்கூடத்துக்கு. அந்தச் சோற்றில் அந்த ஊர் மண்ணின் ருசி இருந்திருக்கும். அறுவடை பொய்த்த வருடம் பானையும் காலியாக இருந்திருக்கும் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். ஊரை மட்டும் நம்பினால் ஊரோடு சேர்ந்து பள்ளிக்கூடமும் பட்டினி.

1961-ல் அமெரிக்கத் தொண்டு நிறுவனமான ‘கேர்’ உள்ளே வந்தது. பால் பவுடர், மக்காச்சோள மாவு, எண்ணெய் என்று அமெரிக்காவில் தேவைக்கு மேல் விளைந்ததெல்லாம் கப்பலேறி நம் பள்ளிக்கூடங்களுக்கு வந்தது. அந்தக் காலத்தில் படித்தவர்கள் இன்றும் மஞ்சள் உப்புமாவைப் பற்றிச் சொல்வார்கள்; சிலர் ஏக்கத்தோடு, சிலர் முகம் சுளித்து. மானியம் என்பதன் இரண்டு முகமும் இங்கே ஒரே தட்டில் தெரிந்தன. பிள்ளை சாப்பிட்டது, அது நிஜமான உதவி. ஆனால் அந்தத் தட்டால் வருமானம் பார்த்தவர் அமெரிக்க மக்காச்சோள விவசாயி. தஞ்சாவூர்க்காரரோ தருமபுரிக்காரரோ இல்லை.

1982 ஜூலை 1-ஆம் தேதி எம்.ஜி.ஆர். திருச்சி பக்கம் பாப்பாக்குறிச்சியில் சத்துணவுத் திட்டத்தைத் தொடங்கினார். ‘கட்டுப்படியாகாது’ என்று சொன்ன பொருளாதார நிபுணர்களின் பட்டியல் நீளம். அந்தக் கணக்கெல்லாம் பழசாகிப்போனது, திட்டம் நின்றது. 1989-ல் கலைஞர் இரண்டு வாரத்துக்கு ஒரு முட்டை என்று ஆரம்பித்தது, 2010-ல் வாரம் ஐந்து முட்டையில் வந்து நின்றது. ஜெயலலிதா காலத்தில் கலவை சாத வகைகள். 2022 செப்டம்பர் 15-ல் மதுரை ஆதிமூலம் பள்ளியில் மு.க.ஸ்டாலின் காலை உணவைத் தொடங்கி, 2023 ஆகஸ்டில் மாநிலத்தின் அரசுத் தொடக்கப்பள்ளிகள் எல்லாவற்றுக்கும் விரித்தார். ஆட்சி மாறினாலும் அண்டா அடுப்பிலிருந்து இறங்கவில்லை. இந்தியாவில் வேறு எந்தத் திட்டத்துக்கும் இப்படி ஒரு வம்சாவளி கிடையாது.

யார் சாப்பிடுகிறார்கள், எத்தனை நாள் சாப்பிடுகிறார்கள், தட்டில் என்ன என்று ஒவ்வொரு தலைமுறையும் ஒரு கேள்விக்குப் பதில் சொல்லியிருக்கிறது. யாரிடம் வாங்கினோம் என்ற கேள்வி மட்டும் காமராசர் காலத்துப் பிடியரிசிப் பானையோடு போய்விட்டது.

406 ரூபாய் 80 காசு

மத்திய அரசின் பி.எம். போஷன் என்ற மதிய உணவுத் திட்டக் கணக்கில், தொடக்கப்பள்ளிக் குழந்தை ஒன்றுக்கு ஒரு நாள் உணவுப் பொருள் செலவு 2025 மே மாதத்திலிருந்து 6 ரூபாய் 78 காசு. ஆறாம் வகுப்பு முதல் எட்டாம் வகுப்பு வரை 10 ரூபாய் 17 காசு. அரிசி இதில் சேராது, அது தனி. பருப்பு, காய், எண்ணெய், தாளிப்பு, கேஸ் எல்லாம் இதற்குள். பெரும்பாலான மாநிலங்களில் இதில் 60 விழுக்காடு மத்திய அரசு, 40 விழுக்காடு மாநில அரசு. முட்டைபோன்ற கூடுதல் செலவு தமிழக அரசுடையது.

60 பிள்ளைகள் உள்ள ஒரு தொடக்கப்பள்ளிக்கு இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்தேன். ஒரு நாளைக்கு 406 ரூபாய் 80 காசு. தலைக்கு 20 கிராம் வீதம் பருப்பு 1 கிலோ 200 கிராம். கிலோ 150 என்றால் 180 ரூபாய். எண்ணெய் 300 கிராம். தோராயமாக 42 ரூபாய். காய் 3 கிலோ. கிலோ 40 என்று வைத்தால் 120 ரூபாய். மொத்தம் 342. மிச்சம் 64 ரூபாய் 80 காசில் கேஸ், புளி, மிளகாய், மஞ்சள், கடுகு. சரி, ஓட்டிவிடலாம்.

தக்காளி 40-லிருந்து 100-க்கு ஏறும்வரை ஓட்டிவிடலாம். மூன்று கிலோ காயில் ஒரு கிலோ தக்காளி என்றால் அந்த ஒரு கிலோவே கூடுதலாக 60 ரூபாயை விழுங்கிவிடும். கைப்பொருள் போச்சு. இது கற்பனை இல்லை. 2023 ஜூலையில் தக்காளி நூறைத் தாண்டியபோது தமிழக அரசே ரேஷன் கடையில் வைத்து 60 ரூபாய்க்கு விற்க வேண்டியிருந்தது. அந்த நேரத்தில் மதிய உணவுச் செலவு விகிதம் 2022 அக்டோபரில் நிர்ணயித்தது. அதற்கடுத்த உயர்வு 2024 டிசம்பரில்தான் வந்தது. நடுவே இரண்டு வருடம். சாம்பாரில் தக்காளி இருந்ததா என்று யாரும் கேட்கவில்லை. பிள்ளைகளுக்குத் தெரியும்.

தமிழ்நாட்டில் பருப்பும் எண்ணெயும் பொருளாகவே வந்துவிடுவதால் அமைப்பாளருக்கு அந்தத் தலைவலி இல்லை. அவர் கணக்குக்கு வருவது காய்கறி, தாளிப்பு, எரிபொருளுக்கான காசு மட்டும். ஆக விலை தினமும் ஆடுகிற பொருள் எதுவோ அதை அவர் தலையில் வைத்திருக்கிறோம். ஆடாத பொருளை அரசு வைத்துக்கொண்டிருக்கிறது. குடைச்சலெல்லாம் சம்பளம் குறைந்தவர் பக்கம். இது நம் நிர்வாகத்தின் பழைய பழக்கம்.

அதே காசு, வேறு சட்டம்

யாரிடம் வாங்குவது என்ற கேள்விக்குப் பதில் சொன்ன பிரேசில் நாட்டைப் பற்றி இங்கே கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். காரணம், அவர்கள் நம்மைவிடப் பணக்காரத்தனமாக இதைச் செய்யவில்லை.

1955-லிருந்து அங்கே பள்ளி உணவுத் திட்டம் உண்டு. இன்று சுமார் 4 கோடிப் பிள்ளைகள் சாப்பிடுகிறார்கள். நடுவண் அரசு, மாநிலங்களுக்கும் நகராட்சிகளுக்கும் பணம் அனுப்பும். தொடக்க, நடுநிலை வகுப்புப் பிள்ளைக்கு ஒரு நாளைக்கு எவ்வளவு தெரியுமா? 2017-லிருந்து 2023 வரை 36 சென்டாவோ. நம் காசில் ஏறத்தாழ 6 ரூபாய்! 2023 மார்ச்சில் லூலா அரசு அதை 50 சென்டாவோ ஆக்கியது; சுமார் 8 ரூபாய். மீதிச் செலவை உள்ளூர் நிர்வாகங்கள் தங்கள் கையிலிருந்து போட வேண்டும். அங்கே விலைவாசி நம்மைவிட அதிகம் என்பதையும் நினைவில் வையுங்கள். அதாவது நாம் புலம்புகிற அதே சில்லறைக் காசுதான்.

வித்தியாசம் சட்டத்தில் இருக்கிறது. 2009 ஜூன் மாதம் அவர்கள் நிறைவேற்றிய 11,947-ஆம் எண் சட்டத்தின் 14-ஆம் பிரிவு சொன்னது: நடுவண் அரசு அனுப்பும் இந்தப் பணத்தில் குறைந்தது 30 விழுக்காட்டைக் குடும்ப விவசாயிகளிடமிருந்து நேரடியாக வாங்கவே செலவிட வேண்டும். ‘முயற்சி செய்யலாம்’, ‘ஊக்குவிக்கப்படும்’ என்ற வழுக்கல் கிடையாது.

அதைவிட முக்கியம், எப்படி வாங்குகிறார்கள் என்பது. சிறு விவசாயியை டெண்டரில் மோதவிட்டால் அவர் முதல் சுற்றிலேயே தோற்றுவிடுவார். லாரி வைத்திருக்கும் மொத்த வியாபாரியின் விலைக்கு அவரால் இறங்க முடியாது. அதனால் இந்தப் பங்குக்கு டெண்டரே வேண்டாம் என்று சட்டம் விலக்குக் கொடுத்தது. பதிலாகப் ‘பொது அழைப்பு’. நகராட்சியின் ஊட்டச்சத்து நிபுணர் முதலில் அந்தப் பருவத்துக்கான உணவுப் பட்டியலைப் போடுவார். ஒவ்வொரு ஊருக்கும் இப்படி ஒரு நிபுணர் பொறுப்பில் இருக்க வேண்டும் என்பதும் சட்டம். வாரத்துக்கு இத்தனை கிலோ மரவள்ளி, இத்தனை கட்டுக் கீரை, இத்தனை தார் வாழை என்று பட்டியல் வெளியாகும். விலையும் அதிலேயே அச்சாகியிருக்கும். உள்ளூரில் குறைந்தது மூன்று சந்தைகளின் விலையைச் சராசரி எடுத்து, அதோடு வண்டிக்கூலியையும் சேர்த்து அவர்களே நிர்ணயிக்கிறார்கள். இயற்கை முறையில் விளைந்தது என்றால் 30 விழுக்காடு வரை கூட்டித் தரலாம். விவசாயிகளும் கூட்டுறவுகளும் ‘நான் தருகிறேன்’ என்று எழுதிக் கொடுப்பார்கள். யாரைத் தேர்ந்தெடுப்பது? விலை குறைத்தவரை அல்ல, விலை ஏற்கெனவே முடிந்த விஷயம். அருகில் இருப்பவரைத்தான். அந்த ஊர்க்காரர் முதலில், பிறகு அந்த வட்டாரம், பிறகு மாநிலம். நிலச் சீர்திருத்தத்தில் நிலம் பெற்றவர்கள், பழங்குடியினர், முன்பு அடிமைத்தளையிலிருந்து தப்பியோர் உருவாக்கிய கிலோம்போ ஊர்க்காரர்கள் ஆகியோருக்கு முன்னுரிமை.

போட்டியை விலையிலிருந்து தூரத்துக்கு மாற்றிவிட்டார்கள். இவ்வளவுதான் சூட்சுமம்.

இன்னொன்றும் எனக்குப் பிடித்துப்போனது. புதிதாக ஓர் உணவைப் பட்டியலில் சேர்த்தால் பிள்ளைகளிடம் பரீட்சை வைத்துப் பார்க்க வேண்டும். பரீட்சை பிள்ளைக்கு இல்லை, உணவுக்கு. சிரிக்கிற முகம், முகம் சுளிக்கிற முகம் என்று வரைந்த தாளைக் கொடுப்பார்கள். பிள்ளை ஒன்றில் கோடு போடும். 85 விழுக்காடு பிள்ளைகளாவது சிரித்தால்தான் அந்த உணவு தேர்ச்சி. நம் காலை உணவுத் திட்டத்தில் உப்புமாவுக்கு இப்படி ஒரு தாளைக் கொடுத்திருந்தால் முடிவு என்னவாக இருந்திருக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. திங்கட்கிழமை உப்புமாவைப் பொங்கலும் சாம்பாருமாக மாற்ற நமக்கு 2025 ஆனது.

எல்லாம் தேன் என்று சொல்ல வரவில்லை. சட்டம் வந்து பல வருடங்கள் கழித்தும் எத்தனையோ நகராட்சிகள் 30 விழுக்காட்டைத் தொடவில்லை. சாலை இல்லை, குளிர்பதனம் இல்லை, விவசாயிக்குக் காகிதம் எழுதத் தெரியவில்லை என்று காரணங்கள். அமேசான் காட்டுக்குள் இருக்கும் பழங்குடிப் பள்ளிகளில் இன்னும் வேடிக்கை. ஆற்று மீனும் மரவள்ளி மாவும் வாசலில் கிடைக்கும். ஆனால் சுகாதார ஆய்வாளரின் முத்திரை இல்லை என்று வாங்க முடியாமல் இருந்தது. டப்பாவில் அடைத்த உணவு படகேறி நாள்கணக்கில் பயணம் செய்து வந்தது. காலங்காலமாகத் தாங்கள் தின்று வரும் உணவைத் தங்கள் பிள்ளைகளுக்கே சமைத்துப்போட முத்திரை எதற்கு என்று அமேசோனாஸ் மாநிலத்தில் வழக்கறிஞர்களும் பழங்குடித் தலைவர்களும் சண்டை போட்டு, 2017-க்குப் பிறகுதான் வழி பிறந்தது. பண ஒதுக்கீட்டை உயர்த்த 2022-ல் நாடாளுமன்றம் ஒப்புக்கொண்டதை அன்றைய அதிபர் பொல்சொனாரு தடுத்துவிட்டார். ஆனால் கவனியுங்கள், அவரால் பணத்தைத்தான் நிறுத்த முடிந்தது. 30 விழுக்காடு அப்படியே நின்றது, ஏனென்றால் அது சட்டம். 2025 செப்டம்பரில் அதை 45 விழுக்காடாக உயர்த்தினார்கள். 2026 ஜனவரியிலிருந்து நடைமுறை.

கொடுத்தவர் கையை எடுத்தால்

அமெரிக்கா இதற்கு நேர் எதிர்ப் பாடம். 1946-ல் ட்ரூமன் கையெழுத்திட்ட பள்ளி உணவுச் சட்டத்திலேயே இரண்டு நோக்கம் எழுதியிருக்கிறது: பிள்ளைகளின் நலம், உள்நாட்டு விளைபொருளின் நுகர்வு. பலன் பெரிய பண்ணைகளுக்கே போனது. தொண்ணூறுகளில் பெர்க்லி நகரப் பள்ளி ஒன்றில் ஆலிஸ் வாட்டர்ஸ் என்ற சமையல் கலைஞர் தோட்டம் போட்டு, பிள்ளைகளையே பறித்துச் சமைக்க வைத்தபோதுதான் ‘பண்ணையிலிருந்து பள்ளிக்கு’ என்ற பேச்சு சூடுபிடித்தது. 2010-ல் வந்த சட்டம் இதற்கென்று ஆண்டுக்கு 50 லட்சம் டாலர் மானியம் ஒதுக்கியது. அந்த நாட்டின் அளவுக்கு அது கடுகு. மிச்சிகன் மாநிலம் ஒரு சாப்பாட்டுக்கு 10 சென்ட் சேர்த்துத் தந்தது. நியூயார்க் இன்னும் கெட்டி: மதிய உணவுப் பொருளில் 30 விழுக்காட்டை மாநிலத்துக்குள் வாங்கினால் ஒரு சாப்பாட்டுக்குத் தரும் மாநில மானியத்தை 25 சென்ட் வரை உயர்த்துவோம் என்றது.

பிறகு பெரிய மானியம் வந்தது. பள்ளிகள் உள்ளூர் விவசாயிகளிடம் வாங்குவதற்கென்று தனித் திட்டம். அதை நம்பி விவசாயிகள் கூடுதல் நிலத்தில் நட்டார்கள். 2025 மார்ச்சில் ட்ரம்ப் அரசு, அந்த ஆண்டுக்கு அறிவித்திருந்த சுமார் 66 கோடி டாலரை ஒரு கடிதத்தில் ரத்து செய்துவிட்டது. நாற்று மண்ணில் இருந்தது, வாங்கும் கை காணாமல் போயிருந்தது.

நம் பக்கத்திலேயே ஓர் உதாரணம் உண்டு. கர்நாடகத்தில் வாரம் இரண்டு முட்டையாக இருந்ததை ஆறு நாளுக்கும் முட்டை என்று மாற்றியது அசீம் பிரேம்ஜி அறக்கட்டளையின் நன்கொடை. 2024-ல் போட்ட ஒப்பந்தம். மூன்று வருடத்துக்குச் சுமார் 1,500 கோடி ரூபாய். இவ்வளவு எளிய ஒரு பொருளுக்கு இவ்வளவு பெரிய தொகை, கையெடுத்துக் கும்பிடலாம். ஆனால் ஒரு முட்டைக்கு 6 ரூபாய் என்று கணக்கு. அதிலேயே வேகவைக்கிற செலவும் ஓடு உரிக்கிற கூலியும் அடக்கம். சந்தையில் முட்டை விலை அதைத் தாண்டும்போது தலைமை ஆசிரியர்கள் சட்டைப்பையைத் தடவ வேண்டியிருந்தது. நான்காவது வருடம் என்ன என்ற கேள்வியும் மேலே தொங்குகிறது.

நன்கொடைக்கு நாக்கும் உண்டு. சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் காலை உணவு தர அட்சய பாத்திரம் அமைப்புக்கு 2020-ல் அன்றைய ஆளுநர் பன்வாரிலால் புரோகித் தம் விருப்ப நிதியிலிருந்து 5 கோடி ரூபாய் கொடுத்தபோது எழுந்த சர்ச்சை நினைவிருக்கலாம். வெங்காயம், பூண்டு சேர்க்காத சமையல் அவர்களுடையது. அது அவர்கள் நம்பிக்கை. தவறு என்று சொல்ல நாம் யார்? ஆனால் வெங்காயம் இல்லாத சாம்பாரை வண்ணாரப்பேட்டைப் பிள்ளை ஏன் சாப்பிட வேண்டும் என்பதும் நியாயமான கேள்விதான். யார் பணமோ அவர் ருசி. அரசுப் பணம் என்றால் மட்டுமே பிள்ளையின் ருசியைக் கேட்கச் சொல்லி உரிமையோடு நிற்கலாம்.

நம் கையிலேயே இருக்கும் பலகை

தமிழ்நாட்டில் இதற்கான சரக்கெல்லாம் தனித்தனியாகக் கிடக்கிறது. கோக்க நூல்தான் இல்லை.

காலை உணவுத் திட்டத்தை எடுங்கள். சமைப்பவர்கள் அந்த ஊர் மகளிர் சுய உதவிக் குழுப் பெண்கள். அதிலும் தன் பிள்ளை அதே பள்ளியில் படிக்கும் தாயாக இருப்பது விதி. அருமையான விதி. தன் பிள்ளை தின்னப்போகும் சட்டியில் யாரும் உப்பைக் கொட்டிவிட மாட்டார்கள். 2022 அரசாணையில், வாரத்தில் குறைந்தது இரண்டு நாளாவது அந்தந்தப் பகுதியில் விளையும் சிறுதானியம், சாம்பாரில் உள்ளூர்க் காய்கறி என்றெல்லாம் எழுதியிருக்கிறது. கைகள் உள்ளூர் ஆகிவிட்டன. பொருள் உள்ளூர் ஆகவில்லை. தருமபுரியில் கேழ்வரகு விளைகிறது, அதே தருமபுரிப் பள்ளியில் ரவை கிண்டுகிறார்கள்.

மத்திய அரசும் 2021-ல் மதிய உணவுத் திட்டத்தின் பெயரைப் பி.எம். போஷன் என்று மாற்றியபோது உழவர் உற்பத்தியாளர் நிறுவனங்களையும் மகளிர் குழுக்களையும் ஈடுபடுத்துவோம், உள்ளூர் உணவை ஊக்குவிப்போம் என்றது. எத்தனை விழுக்காடு? அந்த இடம் வெற்றிடம்.

டெண்டர் குறுக்கே நிற்கிறது என்பார்கள் அதிகாரிகள். 1998-ஆம் ஆண்டு ஒப்பந்தப்புள்ளி வெளிப்படைத்தன்மைச் சட்டம், குறைந்த விலை கேட்டவருக்கே கொடு என்கிறது. ஊழலுக்குக் கடிவாளமாக வந்த சட்டம். அதைக் குறை சொல்ல மாட்டேன். நேரடிக் கொள்முதல் என்று கதவைத் திறந்துவிட்டால், மறுநாள் காலையில் ‘விவசாயி’ என்ற பெயரில் வரிசையில் நிற்கப்போவது யாருடைய மைத்துனர் என்பது நமக்கெல்லாம் தெரியும். பயம் வெறும் பயம் அல்ல.

அதற்கும் ஒரு வழி நம் ஊரிலேயே பலகையில் தொங்குகிறது. 1999-ல் மதுரையில் முதல் உழவர் சந்தை திறந்தார்கள். அங்கே தினமும் காலையில் கரும்பலகையில் விலை எழுதுகிறார்கள். மொத்த விலைக்குக் கொஞ்சம் மேலே, சில்லறை விலைக்குக் கொஞ்சம் கீழே. விற்பவர் உண்மையான விவசாயிதானா என்று பார்த்து அடையாள அட்டை கொடுத்திருக்கிறார்கள். பிரேசில்காரர்கள் மூன்று சந்தை ஏறி இறங்கிச் சராசரி எடுக்கும் வேலையை நம் வேளாண் வணிகத் துறை ஊழியர் தினமும் ஆறு மணிக்கே முடித்துவிடுகிறார். அந்தப் பலகையின் விலைதான் அன்றைக்கு அமைப்பாளருக்கும் விலை, அட்டை வைத்திருக்கும் விவசாயியிடம் வாங்கினால் பணம் வாரக் கடைசியில் விவசாயி கணக்குக்கே நேராகப் போகும் என்று ஓர் ஆணை போதும். புதுச் சந்தையும் வேண்டாம், புது அலுவலகமும் வேண்டாம். விலை ஏறினால் மானியமும் கூடவே ஏறும். இரண்டு வருடம் காத்திருக்க வேண்டியதில்லை.

ஒரு பள்ளிக்கு மூன்று கிலோ காய் கொண்டுபோய்க் கொடுக்க எந்த விவசாயி வருவார் என்று கேட்கலாம். வர மாட்டார்தான். ஆனால் ஓர் ஒன்றியத்துப் பள்ளிகளையெல்லாம் சேர்த்தால் அது கூடைக் கணக்கு அல்ல, வண்டிக் கணக்கு. மாநிலம் முழுக்கச் சுமார் 43 ஆயிரம் சத்துணவு மையங்கள். 40 லட்சம் பிள்ளைகள் தலைக்கு 50 கிராம் என்றால் ஒரு நாளைக்கு 200 டன் காய்கறி. வருடம் 200 நாள் பள்ளி நடந்தால் 40 ஆயிரம் டன். இவ்வளவு பெரிய, விடுமுறை நாள்கூட முன்கூட்டியே தெரிந்த, ஓடிப்போகாத வாடிக்கையாளர் ஒருவர் தமிழக விவசாயிக்கு வேறு எங்கே கிடைப்பார்? தக்காளி கிலோ மூன்று ரூபாய்க்கு விழுந்து ரோட்டோரம் கொட்டும் மாதத்தில் இந்த வாடிக்கையாளரின் மதிப்பு தெரியும்.

ஒடிசாவில் கியோஞ்சர் மாவட்ட அங்கன்வாடிகளில் உள்ளூர்க் கேழ்வரகில் லட்டு பிடித்துக் கொடுக்கிறார்கள். பிடிப்பது மகளிர் குழு. விதைத்தது பக்கத்து மலைக்காரர். பெரிய தத்துவம் ஏதும் தேவைப்படவில்லை.

பன்னிரண்டரைக்கு மணி அடித்தது. பிள்ளைகள் தட்டோடு வரிசையில் வந்தார்கள். ஒரு பையன் முருங்கைக்காயைச் சப்பி, நாரை வரிசையாகத் தட்டின் ஓரத்தில் அடுக்கிக்கொண்டிருந்தான். எத்தனை துண்டு கிடைத்தது என்று பக்கத்திலிருந்தவனோடு போட்டி. அவனுக்கு ஐந்து, இவனுக்கு நான்கு. சமையலர் அம்மா கரண்டியை விட்டு அலசி இன்னொரு துண்டைத் தேடி எடுத்து இவன் தட்டில் வைத்தார்.

திரும்பும் வழியில் அந்தக் கடையில் நின்று ஒரு சோடா குடித்தேன். கடைக்காரர் நல்ல மனிதர். அமைப்பாளர் அக்காவின் கணக்கு நோட்டைக் காட்டினார். இரண்டு மாதப் பாக்கி. வட்டி கேட்பதில்லை. “பள்ளிக்கூடத்துக் காசு, வந்துரும்” என்றார்.

முருங்கைக்காய் எங்கே எடுக்கிறீர்கள் என்று கேட்டேன்.

“ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டுலதான். விடியக்காலை அஞ்சு மணி பஸ்ஸுல போய்த் தூக்கிட்டு வந்துருவேன்.”

அந்த மார்க்கெட்டுக்கு எங்கிருந்து வருகிறது?

பள்ளிக்கூடம் இருக்கும் பக்கம் கையைக் காட்டினார். “இந்தா, இங்கேயிருந்துதான்.”